பொழுதுபோக்கை ஆன்லைன் கோர்ஸாக்கி சம்பாதிக்கலாமா? தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து தொடங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கம்பம் பஸ் ஸ்டாண்டில் பஸ்சுக்கு நிற்கும் 10 நிமிடத்தில் ரீல்ஸைத் தள்ளினால் போதும். "உங்க ஹாபியை கோர்ஸா மாத்துங்க, வீட்ல இருந்தே மாசம் லட்சம் சம்பாதிங்க" என்று குறைந்தது ஒரு விளம்பரமாவது வந்துவிடும். கீழே ஒரு லிங்க். வெபினார் கட்டணம் 99 ரூபாய்தான்.

ஆரி ஒர்க், மாடித் தோட்டம், கீபோர்டு, சிலம்பம், கேக், தேனீ வளர்ப்பு, போட்டோகிராபி என்று ஏதோ ஒன்று நன்றாகத் தெரிந்தவர்கள் தேனி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஏல விலையும் திராட்சை விலையும் ஏறி இறங்கும் ஊரில், வீட்டுக்கு இன்னொரு வருமானம் வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதனால்தான் இந்த விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைத்து கேமரா வாங்குவதும், பல ஆயிரம் ரூபாய் கட்டி 'பயிற்சி'யில் சேருவதும் நடக்கிறது.

உண்மையில் இதில் வருமானம் உண்டா? எவ்வளவு? எங்கே ஏமாறுவோம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

யூடியூப் சேனல் வேறு, கோர்ஸ் வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் இருந்து 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. அது சமையல் கோர்ஸ் அல்ல. பார்ப்பவர் பணம் தருவதில்லை, விளம்பரதாரர் தருகிறார். அதற்கு லட்சக்கணக்கில் பார்வைகள் வேண்டும். யூடியூபில் முழுமையான விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெறவே 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை).

கோர்ஸ் அப்படி இல்லை. கற்றுக்கொள்பவரே பணம் தருகிறார். லட்சம் பேர் வேண்டாம், 10 பேர் போதும். ஆனால் அந்த 10 பேரும் "காசு கொடுத்தேன், எனக்கு வந்துச்சா?" என்று கேட்பார்கள். வீடியோ பார்க்க நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அவர் கையால் ஒரு பிளவுஸில் ஆரி போட்டு முடிக்க வேண்டும், கீபோர்டில் ஒரு பாட்டை முழுசாக வாசிக்க வேண்டும்.

பெரிய நட்சத்திரங்கள் வந்தும் ஓடாத கோர்ஸ் கம்பெனி

பொழுதுபோக்கை கோர்ஸாக விற்பதையே தொழிலாக எடுத்த இந்திய நிறுவனம் ஒன்று உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த 'ஃப்ரன்ட்ரோ'. பாட்டுக்கு நேஹா கக்கர், கிரிக்கெட்டுக்கு சுரேஷ் ரெய்னா என்று பிரபலங்களை வைத்து வீடியோ கோர்ஸ் விற்றது. 2021-ல் 1.4 கோடி டாலர் முதலீடு வந்தது. 2022-ல் ஆட்குறைப்பு. 2023-ல் கடையை மூடிவிட்டார்கள்.

கொரோனா ஊரடங்கு முடிந்து மக்கள் வெளியே போகத் தொடங்கியதும் ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் பலவும் அடி வாங்கின. அதிலும் பொழுதுபோக்கு வகுப்பு, வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படும் ஐட்டம். பிரபலத்தின் வீடியோவைப் பார்ப்பது சந்தோஷம்தான். ஆனால் "என் கை ஏன் தப்பாப் போகுது?" என்று கேட்டால் வீடியோ பதில் சொல்லாது.

இதற்கு நேர் எதிராக ஒரு தமிழ்நாட்டுக் கதை. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்த நண்பர்கள் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கைத் தமிழில் சொல்லித்தர யூடியூப் சேனலாகத் தொடங்கியதுதான் 'குவி'. 2014-ல் கம்பெனியாகி, சென்னை ஐஐடியின் தொழில் வளர் மையத்தில் வளர்ந்தது. 2022-ல் ஹெச்.சி.எல். குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இது பொழுதுபோக்குக் கோர்ஸ் அல்ல, வேலைக்கான கோர்ஸ்தான். ஆனாலும் இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கற்பவருக்கு ஒரு தெளிவான தேவை இருந்தது, ஆங்கிலத்தில் புரியாததைத் தமிழில் சொன்னார்கள், இலவசமாகச் சொல்லி நம்பிக்கை சம்பாதித்த பிறகுதான் வியாபாரம் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு பேச்சுக்கு, சின்னமனூரில் ஆரி ஒர்க் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 வாரம், வாரம் 2 லைவ் வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கட்டணம் 1,500 ரூபாய். ஊசி, நூல், மணி எல்லாம் சேர்த்து ஒரு கிட் கூரியரில் அனுப்ப ஆளுக்கு 350 ரூபாய். டேட்டா, இதர செலவு 800 ரூபாய்.

12 பேர் சேர்ந்தால்: வரவு 18,000. கிட் செலவு 4,200, இதர செலவு 800. கையில் நிற்பது 13,000 ரூபாய்.

5 பேர் மட்டும் சேர்ந்தால்: வரவு 7,500. கிட் 1,750, இதர செலவு 800. கையில் நிற்பது 4,950 ரூபாய்.

வகுப்பு நேரம் 18 மணி. அதுபோக தயாரிப்பு, வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகம், அனுப்பும் போட்டோவைப் பார்த்துத் திருத்தம் சொல்வது என்று இன்னும் 22 மணியாவது ஆகும். மொத்தம் 40 மணி. முதல் கணக்கில் மணிக்கு 325 ரூபாய், இரண்டாவது கணக்கில் மணிக்கு சுமார் 124 ரூபாய். இது மாதச் சம்பளமும் இல்லை, ஒன்றரை மாதத்துக்கான தொகை.

மோசமில்லை. ஆனால் 'மாசம் லட்சம்' இல்லை. 'தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்' என்பதும் இல்லை.

அப்போ ஒருமுறை ரெக்கார்டு செய்து விற்றால்?

ஒருமுறை ரெக்கார்டு செய்துவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம் என்பது உண்மைதான். அந்த ஆயிரம் பேரை யார் கூட்டி வருவது என்பதில்தான் பணம் பிரிகிறது.

உலக அளவில் பெரிய கோர்ஸ் சந்தையான உடெமியை எடுத்துக்கொள்வோம். அங்கே தமிழ் கோர்ஸ்களும் விற்கின்றன. நீங்கள் கொடுக்கும் கூப்பன் லிங்க் வழியாக ஒருவர் வாங்கினால், ஆசிரியருக்கு 97 சதவீதம். உடெமியே ஆளைக் கூட்டி வந்தால் 37 சதவீதம்தான். அதாவது 499 ரூபாய்க்குப் போகும் கோர்ஸில் 185 ரூபாய்க்கும் கீழே, வரிகள் கழித்தால் இன்னும் குறையும். மாதம் 15,000 ரூபாய் வேண்டுமென்றால் 80-க்கும் மேல் விற்க வேண்டும். ஒவ்வொரு மாதமும்.

சந்தா கட்டிப் பார்ப்பவர்கள் மூலம் கிடைக்கும் பங்கு தனி. ஆசிரியர்களுக்கென ஒதுக்கும் அந்தப் பங்கை உடெமி 2023-ல் 25 சதவீதம், 2024-ல் 20 சதவீதம், 2025-ல் 17.5 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வந்தது. கடை அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. இதையும் மனதில் வைக்கணும்.

கிராஃபி, டேக்மேங்கோ போன்ற இந்தியத் தளங்களில் உங்கள் பெயரிலேயே கோர்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அங்கே விலையை நீங்களே வைக்கலாம், ஆனால் ஆள் பிடிப்பதும் நீங்கள்தான். கட்டண முறை தளத்துக்குத் தளம் மாறும். ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன்பு, முதல் பேட்ச் முடிந்திருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள்.

இன்னொரு தலைவலி திருட்டு. ரெக்கார்டட் வீடியோ டெலிகிராம் குரூப்பில் இலவசமாகச் சுற்ற ஆரம்பித்தால் தடுப்பது கஷ்டம். யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆகப் போட்டாலும், லிங்க் கிடைத்தவர் யாரும் பார்க்கலாம். நேரில் திருத்தம் சொல்லும் லைவ் வகுப்பை மட்டும் யாராலும் காப்பியடிக்க முடியாது.

காசு செலவழிக்காமல் தொடங்குவது எப்படி?

வரிசை முக்கியம். கேமரா, லோகோ, வெப்சைட் என்று தொடங்காதீர்கள். மாணவரில் இருந்து தொடங்குங்கள்.

1. ஒரே ஒரு முடிவைச் சொல்லுங்கள். 'ஆரி ஒர்க் கோர்ஸ்' என்பதை விட '6 வாரத்தில் உங்க கையால ஒரு கல்யாண பிளவுஸ்' என்பது தெளிவு. 'மாடித் தோட்டம்' என்பதை விட '60 நாளில் மொட்டை மாடியில் முதல் கீரை, முதல் வெண்டைக்காய்'.

2. தெரிந்த 3 பேருக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுங்கள். எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

3. அடுத்து 5 முதல் 10 பேர், குறைந்த கட்டணத்தில். வீடியோ எடுக்கும் முன்பே பணம் தரும் ஆள் இருக்கிறாரா என்று இதில் தெரிந்துவிடும். யாருமே சேரவில்லை என்றால், நஷ்டம் உங்கள் நேரம் மட்டும்தான்.

4. இருக்கும் போனே போதும். கூகுள் மீட்டில் இலவசக் கணக்கில் 3 பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம். ஒன்றரை மணி வகுப்பை இரண்டு லிங்க்காகப் பிரித்து, நடுவில் டீ பிரேக் விட்டுவிடலாம். செலவு செய்வதாக இருந்தால் முதலில் ஒரு காலர் மைக். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுப்பார்கள், குரல் கேட்காவிட்டால் போய்விடுவார்கள்.

5. கேட்கும் ஆளின் நேரத்தைப் பாருங்கள். விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு காலை வகுப்பு சரிப்படாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கு மதியம் 2 மணி வசதி. மேகமலை மாதிரி மலைப்பகுதியில் சிக்னல் இன்னும் சிக்கல்தான் என்பதால், அங்கிருந்து சேர்பவருக்கு ரெக்கார்டிங்கும் அனுப்பணும்.

6. இதெல்லாம் இரண்டு, மூன்று பேட்ச் ஓடிய பிறகு ரெக்கார்டு செய்யுங்கள். அப்போது எந்தக் கேள்வி எங்கே வரும் என்று உங்களுக்கே மனப்பாடமாகி இருக்கும்.

தேனிக்காரர்களுக்கு என்ன பிளஸ்?

ஒன்று, மொழி. கூடலூரில் இருந்து குமுளி, கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு, போடியில் இருந்து போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள் நம்மை இடுக்கி மாவட்டத்தோடு இணைக்கின்றன. அங்கே தமிழர்கள் நிறைய. எல்லையில் வளர்ந்தவர்களுக்கு மலையாளமும் வாயில் வரும். இரண்டு மொழியிலும் சொல்லித்தர முடிந்தால், சென்னைக்காரருக்கு இல்லாத சந்தை உங்களுக்கு இருக்கிறது.

இரண்டு, வெளிநாட்டுத் தமிழர்கள். தமிழை இணையவழியில் கற்பிக்கத் தமிழ்நாடு அரசு 2001-லேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது, இப்போது அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அப்போதே தேவை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பறை, சிலம்பம், கோலம், ஊர்ச் சமையல், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சு ஆகியவற்றை வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு உள்ளூரில் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். நேரக் கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் மாலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 8.30. நம்மூர் சனிக்கிழமை காலை 7 மணி என்றால் டொரன்டோவில் வெள்ளிக்கிழமை இரவு.

மூன்று, தொழில் அறிவு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடி வளர்ப்பு இந்தப் பள்ளத்தாக்கில் பலருக்கும் கைவந்த கலை. வீட்டில் ஒரு பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சொல்லித்தர இதைவிடத் தகுதியான ஆள் யார்?

எது ஆன்லைனில் சரிவராது?

தேனீ வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். பெட்டி அமைப்பு, ராணித் தேனீ, பருவம், தேன் எடுக்கும் முறை எல்லாம் வீடியோவில் சொல்லலாம். ஆனால் முதல் தடவை பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். சிலம்பத்திலும் வீச்சு தவறினால் காயம்தான். இதற்கெல்லாம் பாடம் ஆன்லைனில், கடைசி ஒரு நாள் நேரில் என்று கலந்து நடத்துவதே சரி.

இலவசமாக எது கிடைக்கிறது என்றும் பாருங்கள். மாவட்டம் தோறும் உள்ள வங்கிகளின் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல் உள்ளிட்ட பயிற்சிகள் இலவசம். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அவர்கள் தருவதையே நீங்கள் காசுக்கு விற்றால் ஓடாது. அவர்களால் முடியாதது என்ன? ராத்திரி 9 மணிக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்துத் திருத்தம் சொல்வது. அதைத்தான் விற்கணும்.

இளையராஜா பாட்டை வைத்து கீபோர்டு கோர்ஸ் விற்கலாமா?

பண்ணைப்புரம் இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். வீட்டில் வாசிப்பது வேறு, அந்தப் பாட்டை ரெக்கார்டு செய்து காசுக்கு விற்பது வேறு. மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காப்புரிமை உண்டு. தன் பாடல்களுக்கான உரிமையை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் இளையராஜா. மேடையில் பாடுவது தொடர்பாக 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அனுமதி இல்லாமல் சினிமா பாட்டுக் கோர்ஸ் விற்றால் வீடியோ நீக்கப்படலாம், நோட்டீசும் வரலாம்.

இந்தியச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை. 1847-ல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகள், பொதுவுடைமையான பாரதியாரின் பாடல் வரிகள் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பாரதி பாட்டுக்குச் சினிமாவில் போட்ட மெட்டுக்குத் தனி உரிமை இருக்கலாம், கவனம். ஸ்வரம், ராகம், விரல் பயிற்சிக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள்.

வரி, பதிவு எல்லாம் எப்படி?

- சேவைகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.
- கோர்ஸ் வருமானமும் வருமானம்தான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.
- சிறு தொழிலாகப் பதிய 'உத்யம்' பதிவு இலவசம். ஆதாரும் பான் கார்டும் போதும். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.
- அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் நடத்தை விதிகள் பொருந்தும். துறை அனுமதி இல்லாமல் தனி வருமானத்தில் இறங்க வேண்டாம்.
- நீங்கள் தரும் சான்றிதழ் 'பங்கேற்புச் சான்றிதழ்' மட்டுமே. 'அரசு அங்கீகாரம்' என்று போடாதீர்கள்.
- பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? சேரும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

99 ரூபாய் வெபினார் வலை எப்படி வேலை செய்கிறது?

முதலில் 99 ரூபாய். இரண்டு மணி நேரம் கனவு, ஸ்கிரீன்ஷாட், 'நானும் உங்களை மாதிரி சாதாரண ஆளாத்தான் இருந்தேன்' கதை. கடைசி 20 நிமிடத்தில் விஷயத்துக்கு வருவார்கள். "50,000 ரூபாய் மதிப்புள்ள பயிற்சி, இன்னைக்கு மட்டும் 15,000, இன்னும் 10 சீட்தான்." கையில் இல்லை என்றால் இ.எம்.ஐ. உண்டு.

சேர்ந்த பிறகு பல இடங்களில் நடப்பது இதுதான். சொல்லித்தருவது உங்கள் ஆரி ஒர்க்கை விற்பது பற்றி அல்ல. அதே பயிற்சியை இன்னொருவர் தலையில் கட்டி கமிஷன் வாங்குவது பற்றி. முதலில் மாட்டுவது சித்தி மகளும், காலேஜ் நண்பனும்தான். பணத்தோடு உறவும் போகிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கோர்ஸ் விற்பது எப்படி என்ற கோர்ஸைத் தவிர, நீங்க வேற எதைச் சொல்லிக்கொடுத்து சம்பாதிச்சீங்க?" நேரடி பதில் வராவிட்டால் லிங்கை மூடிவிடலாம். ஆள் சேர்ப்பதற்கே கமிஷன் தரும் பிரமிடு திட்டங்களை 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பண மோசடி என்றால் உடனே 1930, நுகர்வோர் புகார் என்றால் 1915. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் சாட், விளம்பர ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை வங்கியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

சரி, தொடங்கலாமா வேண்டாமா?

தொடங்கலாம். வேலையை விடாமல், கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல். வருகிற ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மூன்று பேரை ஒரு வீடியோ காலில் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிந்ததில் ஒரு சின்ன விஷயத்தை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அடுத்த நாள் அவர்கள் செய்து பார்த்ததை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று போட்டோ வந்தால் உங்களிடம் ஒரு கோர்ஸ் இருக்கிறது. ஒன்றுகூட வரவில்லை என்றால், சொல்லித்தரும் முறையை மாற்றி அடுத்த ஞாயிறு மறுபடியும் செய்து பாருங்கள். அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.